போர்வெல்லும் நாட்டின் சொத்துக் கணக்கும்

கோவை, திருப்பூர், நாமக்கல் வட்டாரத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டார்கள் என்றால் இன்று யாரும் வியப்பதில்லை. ரிக் வண்டி வருகிறது, இரவெல்லாம் பாறையைத் துளைக்கிறது. ஊற்றுக்கண் திறந்தால் மோட்டார் இறங்குகிறது. வெறும் புழுதியாகவே பறந்தால் வண்டி அடுத்த தோட்டத்துக்குக் கிளம்புகிறது. இரண்டில் எது நடந்தாலும் அந்த ஆண்டு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சற்றுக் கூடித்தான் இருக்கும். ரிக்குக்குக் கொடுத்த பணம், டீசல், கேசிங் பைப், ஆட்களின் கூலி எல்லாம் அதில் சேர்ந்துவிடும். தண்ணீர் வந்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

புதுத் தொழில்நுட்பம் வந்தால் வளரும் நாடு செழிக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது என் எண்ணம். போர்வெல் நாம் வெளியிலிருந்து வாங்கி, நம் கையால் மேம்படுத்தி, பிறகு மற்ற நாடுகளுக்கே கொண்டுபோன தொழில்நுட்பம். அது பல லட்சம் குடும்பங்களின் வருமானத்தை உயர்த்தியது என்பதில் சந்தேகமே இல்லை. கேள்வி வருமானத்தைப் பற்றியது அன்று. அது நம் சொத்தைக் கூட்டியதா, குறைத்ததா?

வருமானம் ஓராண்டில் வந்து போவது. சொத்து, ஆண்டு முடிவில் கையில் நிற்பது. ஒரு குடும்பம் காட்டை விற்றுத் தின்றுகொண்டே 'இந்த வருஷம் நல்ல வருமானம்' என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? நாடுகள் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பொருளியலாளர்கள் ஒரு நாட்டின் சொத்தை மூன்று பெரிய பகுதிகளாகப் பிரிக்கிறார்கள்: சாலை, ஆலை, இயந்திரம் போன்ற உருவாக்கிய மூலதனம், மண், நீர், காடு, கனிமம் என்ற இயற்கை மூலதனம், மக்களின் கல்வியும் திறனும் உடல்நலமும் சேர்ந்த மனித மூலதனம். ஏழை நாடுகளின் மொத்தச் சொத்தில் இயற்கையின் பங்கு 47 சதவீதம் என்று 2018ல் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீடு சொன்னது. பணக்கார நாடுகளில் அது வெறும் 3 சதவீதம். ஆகவே இயற்கையைக் கரைத்து வளர்வதன் ஆபத்து வளரும் நாடுகளுக்குத்தான் பல மடங்கு அதிகம்.

இந்த ஆபத்தை எண்ணில் முதலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ரெபெட்டோ. 1989ல் அவர் குழு இந்தோனேசியாவின் கணக்கைத் திருப்பிப் போட்டது. 1971 முதல் 1984 வரை அந்நாடு ஆண்டுக்கு 7.1 சதவீதம் வளர்ந்ததாகப் பதிவு. எடுத்த எண்ணெய், வெட்டிய மரம், அரித்துப்போன ஜாவாவின் மேல்மண் ஆகியவற்றைக் கழித்தபோது வளர்ச்சி 4 சதவீதமாகச் சுருங்கியது. வளர்ச்சி பொய்யாகிவிடவில்லை. ஆனால் அதில் ஒரு பெரும் பகுதி உழைப்பாலோ அறிவாலோ வந்ததில்லை, கையிருப்பைக் காலி செய்து வந்தது.

தோண்டி எடுப்பதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. 1977ல் கனடாவைச் சேர்ந்த பொருளியலாளர் ஜான் ஹார்ட்விக் ஒரு விதியை முன்வைத்தார். தீர்ந்துபோகும் வளத்திலிருந்து கிடைக்கும் உபரி முழுவதையும் வேறு மூலதனமாக மாற்றிவிட்டால், வளம் தீர்ந்த பின்னும் அடுத்த தலைமுறையின் வாழ்க்கைத்தரம் விழாது. ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா இதைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. 1966ல் விடுதலை பெற்று, மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கண்டெடுத்த நாடு அது. கனிம வருவாய் அன்றாடச் செலவுக்குப் போகிறதா, பள்ளிக்கும் சாலைக்கும் போகிறதா என்று தனியே ஒரு குறியீடு வைத்து அரசு பார்த்துவந்தது. 1994ல் பூலா நிதியம் தொடங்கி மிச்சத்தை அதில் சேர்த்தது. வைரத்தை மட்டும் நம்பிய குறை அதற்கு இன்னும் இருக்கிறது. ஆனால் எதைத் தோண்டுகிறோம், அது எங்கே போகிறது என்ற கேள்வியை அது கேட்டது.

நம் கொங்குப் பகுதியில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இருந்தும் அங்கே நடந்த கதை முழுக்க இழப்பின் கதையாக இல்லை.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் கோவைக்கு மின்சாரம் தந்தது. ஆலைகள் பெருகின. ஆலைக்கு மோட்டார் பழுதுபார்க்கக் கற்றவர்கள் மோட்டார் செய்யவும் கற்றார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937ல் செய்தது இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாராகக் குறிப்பிடப்படுகிறது. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டி இறைத்த கிணறுகளுக்கு மின்சாரப் பம்பு வந்தது. காவிரியும் பவானியும் எட்டாத மேட்டுக்காடுகளில் பருத்தியும் கரும்பும் மஞ்சளும் விளைந்தன. இது அசல் புதுமை. வெளியிலிருந்து வந்த ஒரு இயந்திரம் உள்ளூர் அறிவாக மாறி, பட்டறைகளாகவும் தொழிற்கல்வியாகவும் வேர்பிடித்தது. மனித மூலதனம் என்று பொருளியல் நூல்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்த அலை ரிக். 1960களின் இறுதியில் வந்த கடும் வறட்சியில், குடிநீருக்காக யூனிசெஃப் அமைப்பு காற்றழுத்தத்தால் பாறையைச் சுத்தியலடித்துத் துளைக்கும் ரிக்குகளைக் கொண்டுவந்தது. கையால் தோண்டினால் மாதக்கணக்கில் ஆகும் ஆழத்தை அவை ஒரு நாளில் எட்டின. ஊருக்கு ஊர் நிற்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பும் 1970களில் அதே முயற்சியில் பிறந்தது. அதன் களச் சோதனை நடந்தது கோவைப் பகுதியில்தான். குடிநீருக்கு வந்த கருவியைப் பாசனம் எடுத்துக்கொண்டது. திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் தலைநகரானது. அங்கிருந்து புறப்படும் வண்டிகள் ராஜஸ்தான் வரை போகின்றன, கப்பலேறி ஆப்பிரிக்கா வரைக்கும் போகின்றன.

இந்த இடத்தில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கங்கைச் சமவெளியில் இருப்பது போன்ற ஆழமான மணற்படுகை இங்கே கிடையாது. இங்கே இருப்பது கெட்டிப் பாறை. மழைநீர் தங்குவது மேலே சிதைந்த அடுக்கிலும், அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே. ஆழம் போகப் போக வெடிப்புகள் அருகிவிடும். இருக்கும் சில வெடிப்புகளில் நிற்கும் நீர் பல காலமாகக் கசிந்து சேர்ந்தது. முந்நூறு அடிக்குக் கீழே இறங்கிய ரிக் புதிதாக நீரைப் 'பெருக்கவில்லை'. பழைய சேமிப்பை எட்டும் வழியைக் காட்டியது, அவ்வளவுதான்.

எட்டும் செலவையும் அரசு குறைத்தது. 1990 முதல் தமிழகத்தில் விவசாயத்துக்கு மின்சாரம் முழுவதும் இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்பு இணைப்புகள் அப்படி ஓடுகின்றன. வானம் பார்த்து வாழ்ந்த சிறு விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடலை, சோளம், மஞ்சள் எதற்கும் நியாய விலை தராத சந்தையில், மின்சாரம் ஒன்றுதான் அவருக்குக் கிடைத்த நிச்சயம். ஆனால் விளைவு இதுதான்: ஆயிரம் அடியிலிருந்து ஒரு குடம் இறைப்பதும் நூறு அடியிலிருந்து இறைப்பதும் விவசாயிக்கு ஒரே விலை. நீர் அரிதாகிறது என்று சொல்ல வேண்டிய மணி அடிக்கவே இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரரே அதன் அடியிலுள்ள நீருக்கும் உரியவர் என்ற 1882ஆம் ஆண்டு சட்டத்தின் வழி வந்த புரிதல் இன்னும் நிற்கிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003ல் தமிழகம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013ல் ரத்தானது.

விலையும் இல்லை, விதியும் இல்லை. கருவி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையானது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 600 அடி போட்டால் நம் 300 அடி வற்றும். நாம் 900 போட்டால் அவருடையது வற்றும். கடன் வாங்க முடிந்தவர் ஓட்டத்தில் நிற்கிறார். முடியாதவர் பாசன நிலத்தை மானாவாரியாக்கிவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போகிறார். ஒரே நீரை எடுப்பதற்கு ஊர் மொத்தமாக மேலும் மேலும் செலவழிக்கிறது. அந்தச் செலவெல்லாம் முதலீடு என்று கணக்கில் ஏறுகிறது.

இந்தியா முழுவதற்கும் இதே படம்தான், பெரிய அளவில். உலகிலேயே அதிகம் நிலத்தடி நீர் எடுக்கும் நாடு நாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கன கிலோமீட்டர். பஞ்சாபில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவுபோல் ஒன்றரை மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002க்கும் 2008க்கும் இடையில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை நாசாவின் கிரேஸ் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தை வைத்தே கண்டுபிடித்தன. தமிழகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிர்க்காக்கள் (வருவாய்த் துறையின் உள்வட்டங்கள்), எடுக்கத்தக்க அளவைவிட அதிகமாக நீர் எடுக்கும் 'மிகைச் சுரண்டல்' பட்டியலில் இருக்கின்றன.

இயற்கை இழப்பைக் கழித்துப் பார்க்க உலக வங்கி வைத்திருக்கும் 'திருத்திய நிகரச் சேமிப்பு' என்ற அளவுகோலிலும் இந்த நீர் விழுவதில்லை என்பது எனக்குப் பெருங்கவலை. எண்ணெய், கனிமம், காடு, மாசு ஆகியவற்றை அது கழிக்கிறது. கல்விச் செலவைக் கூட்டுகிறது. நிலத்தடி நீரையும் மண்ணையும் விட்டுவிடுகிறது. எண்ணெய் வளம் இல்லாத, ஆனால் நீரைக் கரைத்து வாழும் ஒரு நாடு அந்தப் பட்டியலில் நன்றாகச் சேமிப்பதாகவே தெரியும்.

அப்படியானால் கொங்கின் நீர் வீணாகப் போனதா? கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கிணற்றுப் பாசனத்தில் வந்த உபரி நகையாக மட்டும் தங்கவில்லை. பிள்ளைகளின் படிப்பானது, லாரியானது, விசைத்தறியானது, திருப்பூரின் பனியன் கம்பெனியானது. அங்கே சிறு கம்பெனி தொடங்கியவர்களில் பலர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊருக்குள் வற்றிப்போன கிணறுகளின் நீரும் ஒரு பங்காக இருக்கிறது. ஹார்ட்விக்கின் விதியை யாரும் சொல்லாமலே ஒரு பகுதி மக்கள் பின்பற்றியிருக்கிறார்கள். ஒரு இயற்கைச் சொத்து மனிதச் சொத்தாக மாறியது. அந்த மாற்றத்தின் பலன் யாருக்குப் போனது, வற்றிய கிணறு யாருடையது என்று கேட்டால் இரண்டும் ஒரே ஆளாக இல்லை. அது நீதியின் கணக்கு. எந்த மொத்தத் தொகையிலும் தெரியாது.

திருப்பூர் அடுத்த பாடத்தையும் தந்தது. சாயப்பட்டறைகளுக்கு நீர் வேண்டும். சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீர் டேங்கர் லாரிகளில் ஊருக்குள் வந்தது, உப்பும் சாயமும் கலந்து நொய்யலில் வெளியேறியது. பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணைக்குக் கீழே தென்னை பட்டது, கிணறு உவர்த்தது. ஏற்றுமதி வருமானம் கூடிக்கொண்டே போன அதே ஆண்டுகள் அவை. விவசாயிகள் நீதிமன்றப் படியேறிப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை மீண்டும் திறந்தன.

அப்போது வந்த புதுமையைப் பாருங்கள். உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஆர்.ஓ. சவ்வுகளில் செலுத்தி, மிஞ்சிய அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. நீரில் பெரும்பகுதி திரும்பப் பட்டறைக்கே போகிறது. சாயமேற்றத் தேவையான உப்புக்கரைசலைக்கூட மீட்டுப் பயன்படுத்துகிறார்கள். பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது, மின்செலவும் கடுமை. சிறிய பட்டறைகள் பல தாக்குப்பிடிக்கவில்லை. இருந்தாலும் அடிப்படைத் தொழில்நுட்பம் 2011க்கு முன்பே உலகில் இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதைக் கொண்டுவந்தது சந்தையின் ஆர்வம் இல்லை, நதியைக் கெடுப்பதற்கு ஒரு விலை உண்டு என்று சொன்ன தீர்ப்பு. விதி மாறியதும் புதுமையின் திசை மாறியது. போர்வெல் விஷயத்தில் நடக்காமல் போனது அதுதான்.

புதுமை இயற்கையைத் தின்னாமல் அதன் சுமையைக் குறைத்ததற்கு பிரேசிலில் ஓர் அழகான சான்று உண்டு. அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராப்பா 1973ல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய யோஹானா டோபெரைனர், சோயாவின் வேரில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் என்பதில் ஊன்றி நின்றார். அந்த பாக்டீரியாவோடு நன்றாகக் கூடிவாழும் சோயா ரகங்களையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று பிரேசில் சோயாவுக்கு நைட்ரஜன் உரம் ஏறக்குறைய போடுவதே இல்லை. ஆண்டுதோறும் பெருந்தொகை மிச்சம், அதுவும் தீராத அறிவின் வழியாக. அதே சோயாவும் மேய்ச்சல் நிலமும் மற்றப் பயிர்களும் சேர்ந்து, மரங்கள் விரவிய செராடோ புல்வெளியின் இயற்கைத் தாவரப் பரப்பில் ஏறத்தாழ பாதியை விழுங்கியதும் உண்மை. உரச் செலவை மிச்சப்படுத்திய புதுமையால் காட்டைக் காப்பாற்ற முடியவில்லை. நிலத்தை அழிப்பதற்கு அங்கே போதிய தடை இல்லை.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இதே சிக்கல்தான். தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் அதைத் தருகிறது. ஒரு செடிக்குப் போகும் நீர் குறைகிறது, விளைச்சல் கூடுகிறது, களை குறைகிறது. எல்லாம் நல்லதே. ஆனால் மிச்சமான நீர் நிலத்தடியில் நிற்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. தரிசாகக் கிடந்த அடுத்த இரண்டு ஏக்கருக்குக் குழாய் நீளும். பம்பு ஓடும் நேரம் அப்படியே இருக்கும்.

இப்போது சூரியப் பம்புகள் வருகின்றன. 2019ல் மத்திய அரசு தொடங்கிய குசும் திட்டத்தில் மானியத்தோடு கிடைக்கின்றன. கரி எரிக்காத மின்சாரம், பகலிலேயே பாசனம், இரவில் பாம்புக்குப் பயந்து மோட்டார் போடப் போக வேண்டியதில்லை. ஆனால் சூரியன் இருக்கும்வரை இறைத்துக்கொண்டே இருக்கலாம், ஒரு பைசா கூடுதல் செலவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் 2016ல் சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து வேறு வழியில் போனார்கள். பம்புக்குத் தேவைப்படாத மின்சாரத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் மின்வாரியத்துக்கு விற்றார்கள். பக்கத்து வயலுக்கு நீர் விற்பதா, கம்பிக்கு மின்சாரம் விற்பதா என்ற தேர்வு அவர்கள் கையில் வந்தது. தேவைக்கு மேல் இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு நஷ்டம். பம்பும் பலகையும் அதேதான். விற்க இன்னொரு பொருள் கிடைத்ததும் தரைக்கடியிலுள்ள நீருக்கு முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது. வாங்கும் விலை குறைவாக இருந்தால் இந்த ஏற்பாடு நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடுத்ததைத் திருப்பி வைக்கும் செலவு இதற்கிடையில் தொடங்கிவிட்டது. பவானியின் உபரி நீரை மேடேற்றி ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். பல தலைமுறையாகக் கேட்டு வாங்கிய திட்டம், மனமார வரவேற்கிறேன். ஆனால் நம் கணக்கு முறை இதை எப்படிப் பார்க்கிறது? நீரை இறைத்தபோது ஒரு வருமானம். ஆழமாகத் தோண்டியபோது ஒரு முதலீடு. இப்போது பம்பு வைத்து நீரை நிலத்துக்கே திருப்பித் தரும்போது இன்னொரு முதலீடு. மூன்றுமே கூட்டல். கழித்தல் எங்கேயும் இல்லை.

கழித்தல் மெதுவாக வருகிறது. பொருளியலாளர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு, இயற்கைச் சொத்தையும் சேர்த்த தேசியக் கணக்குக்கான வரைவை 2013லேயே இந்தியாவுக்குக் கொடுத்தது. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளம் தீர்வதை உற்பத்திச் செலவாகவே பதியச் சொல்கிறது. மொத்த உற்பத்தி எண் அப்படியே நிற்கும்; நிகர உற்பத்தி இறங்கும். நாடுகள் இதற்கு மாறச் சில ஆண்டுகள் ஆகும். நிலத்தடி நீரை அதில் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும். தமிழக விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. எவ்வளவு இறைக்கிறோம் என்பது பம்பின் குதிரைத்திறனை வைத்துப் போடும் ஊகம்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை என்று ஆந்திரத்தில் காட்டியிருக்கிறார்கள். 2000களில் அங்கே வறட்சி மாவட்டங்கள் ஏழில், விவசாயிகளே நடத்திய நிலத்தடி நீர்த் திட்டத்தில், நூற்றுக்கணக்கான கிராமங்களில் விவசாயிகள் மழைமானி வைத்தார்கள், கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்களே அளந்து ஊர்ச்சுவரில் எழுதினார்கள். ரபி என்னும் குளிர்காலச் சாகுபடிப் பருவம் தொடங்குமுன் கூடி, இவ்வளவு நீர் இருக்கிறது, இவ்வளவு பயிருக்கு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். யாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்குக் கிடையாது. இருந்தும் பல ஊர்களில் நெல் பரப்பு குறைந்து, குறைந்த நீர் கேட்கும் பயிர்கள் வந்தன. மத்திய அரசு 2019 டிசம்பரில் 6,000 கோடி ரூபாயில் தொடங்கிய அடல் பூஜல் திட்டமும் கிராம அளவில் நீர்க்கணக்கு எழுதச் சொன்னது. அது தேர்ந்தெடுத்த ஏழு மாநிலங்களில் தமிழகம் இல்லை. கொங்கின் ஒரு பிர்க்காவில் இதை நாமே தொடங்குவதற்கு ஒரு மழைமானியும் ஓர் அளவுநாடாவும் எழுத ஒரு சுவரும் போதும்; ரிக் ஒரு போர் போட வாங்கும் பணத்தில் இது பல ஊர்களுக்கு ஆகும்.